சாப்பிடாத பூண்டு

அத்தியாயம் 9

"என் வீட்டுக்காரரு வெளியில எங்கேயோ பூண்டு சாப்பிடுறாரு, மதிக்கா. எங்கேன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

சொல்லிவிட்டுக் கனகலதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷனோடு இன்னொரு பெண்ணைப் பார்த்ததாகச் சொல்ல வருகிறவர்களின் குரல்கூட இவ்வளவு நடுங்கி மதிவதனி கேட்டதில்லை.

ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்த கோபிக்குப் புரையேறியது. பெயருக்கு அவன் உதவியாளன். மதி துப்பறியும் நிலையத்தின் ஆட்டோ டிரைவரும் அவனே, கூட்டுகிறவனும் அவனே.

"ஏம்மா, பூண்டுன்னா... நிஜப் பூண்டுதானா? இல்ல, வேற எதுக்காச்சும் உங்க வீட்டுல அப்படிப் பேரா?"

"கோபி!" என்றாள் மதிவதனி.

"இல்லக்கா, எங்க வீட்டுல ரசத்துல பூண்டு கம்மியானாத்தான் சண்டை. அதான் கேட்டேன்."

கோபிக்குச் சிரிப்பு வரலாம். மதிவதனிக்கு வரவில்லை. கனகலதாவின் கணவன் ஸ்ரீபால் அவளுக்கு இருபத்து மூன்று வருஷத்து நண்பன். அரசுக் கல்லூரியில் வேதியியல் படித்தபோது ஒரே மேஜையில் நின்று சோதனைக் குழாய் உடைத்தவர்கள். ஸ்ரீபால் குடும்பம் இந்த மண்ணின் பழைய ஜைனக் குடும்பங்களில் ஒன்று. அந்த வீட்டில் வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் அடுப்பேறாது. பொழுது சாய்ந்தால் சாப்பாடும் கிடையாது. கல்லூரிச் சுற்றுலாவில் ஓட்டல் சாம்பாரில் பூண்டு கிடந்ததென்று நாள் முழுக்க வாழைப்பழத்தோடு இருந்தவன் ஸ்ரீபால்.

"எத்தனை நாளா, கனகா?"

"தீபாவளிக்கு முன்னாடி ஆரம்பிச்சது. ரெண்டு வாரம் தாண்டிடுச்சு. வாயைத் திறந்தா பூண்டு. ஏலக்காயா மென்னு தள்ளுறாரு, அதையும் தாண்டி வருது. குளிச்சிட்டு வந்தாக்கூட வேர்வையில வருது. கேட்டா, உன் மூக்கு கெட்டுப்போச்சுன்றாரு." கனகலதாவின் கண் நிறைந்தது. "சாப்பிட்டா சாப்பிட்டேன்னு சொல்லிடலாமே. எங்கிட்ட எதுக்குப் பொய்யி? அதான் தாங்கல."

"நான் பார்க்கிறேன். நீ வீட்டுக்குப் போ. சாயங்காலம் சாப்பாட்டு நேரத்துக்கு வர்றேன்."

கனகலதா படியிறங்கியதும் கோபி கையெடுத்துக் கும்பிட்டான். "பூண்டு கேஸ்ல நம்ம பேரு ஏற்கெனவே ரிப்பேருக்கா. போன வாரம் ஸ்ரீபால் சாரை ஆட்டோவுல ஏத்திட்டு வந்தப்ப, பூண்டு ஊறுகாய் நாத்தம் தாங்கலைன்னு எனக்கு விட்டீங்களே ஒரு டோஸ்!"

"உன் டிபன் பாக்ஸ் அப்படி."

அவள் சொன்னாளே தவிர, நினைவு அதில் இல்லை. மாடிப்படியின் கடைசிப் படியில் இருந்தது. அங்கே காலையிலிருந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் கஸ்தூரி. அழவில்லை, சாபமிடவில்லை. யார் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே வாக்கியம்: "அவரு எடுக்கலைங்க."

அவள் கணவன் ஆதிமூலம் நேற்று மாலையிலிருந்து டவுன் ஸ்டேஷனில் இருந்தான். அவனை அங்கே அனுப்பியது மதிவதனி கையெழுத்திட்ட இரண்டு பக்க அறிக்கை.

விஷயம் இதுதான். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சின்ன ஜைனக் கோயில். தர்மகர்த்தா ஸ்ரீபால். அந்தக் கோயிலின் சொத்தே ஒரு தொங்கு விளக்குதான். சிங்க விளக்கு என்பார்கள். சிங்கத்தின் வயிற்றில் எண்ணெய் ஊற்றினால் இரவெல்லாம் தானாகவே அகலுக்கு இறங்கும். மந்திரமில்லை. வயிறு காற்றுப் புகாமல் மூடியிருக்கும். அகலில் எண்ணெய் குறைந்து, வயிற்றிலிருந்து இறங்கும் துளையின் வாய் தெரிந்தால் ஒரு குமிழி காற்று உள்ளே போகும். ஒரு குமிழி போனால் ஒரு சொட்டு எண்ணெய் இறங்கும். ஆபீஸில் தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைக்கிறோமே, அதே கணக்கு.

மகாவீரர் முக்தியடைந்த தீபாவளி விடியலில் விளக்கேற்றினார்கள். சிங்கம் கடகடவென்று மொத்த எண்ணெயையும் தரையில் கொட்டியது. வயிற்றில் காற்று புகுந்தது. அதாவது விளக்கு அசலில்லை. செய்தவனுக்கு உருவம் தெரிந்திருந்தது, சூட்சுமம் தெரியவில்லை.

அன்றைக்கே ஸ்ரீபால் மதிவதனியிடம் ஓடிவந்தான். அவள் விளக்கின் ஓரத்தில் புளி வைத்துத் தேய்த்தாள். வயசுக் கறுப்பு புளிக்கு இளகும். இது இளகவில்லை. அப்படியானால் புதுப் பித்தளைக்கு மருந்து பூசிய கறுப்பு. சங்கிலிக் கண்ணி மாற்றுவதற்காக விளக்கு கடைசியாகப் போனது ஆதிமூலத்தின் பித்தளைப் பட்டறைக்கு. "ஆயுத பூஜைக்கு முன்னாடியே திருப்பிக் குடுத்துட்டேங்க" என்றான் ஆதிமூலம். "தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் என் கைக்கு வந்துச்சு" என்றான் ஸ்ரீபால். இருவருக்கும் சாட்சியில்லை. பட்டறையைத் தேடியபோது பெஞ்சுக்கு அடியில் பாதி காலியான ஒரு பாட்டில் கிடைத்தது. உள்ளே கறுப்பாக்கும் அந்த மருந்து.

இரண்டு சொல்லில் எதை நம்புவது என்று மதிவதனி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு அவள் துப்பறியும் நிலையப் போர்டை மாட்டியபோது ஊரே சிரித்தது. மேஜையைத் தோளில் சுமந்து மாடியேற்றியவன் ஸ்ரீபால் ஒருவன்தான்.

*

நிலையம் இருக்கும் தேரடி வீதியில் ஆட்டோ நகர இடமில்லை. தீபத் திருவிழாவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. லாட்ஜுகளுக்கு வெள்ளையடிக்கிறார்கள், கடைகளுக்கு முன்னால் பந்தல் கால் நடுகிறார்கள்.

"நாம திருடனைப் பிடிச்ச காலம் போயி, இப்ப பூண்டைப் பிடிக்கப் போறோம்" என்றான் கோபி. "அகப்பட்டா விலங்கு மாட்டணுமா, உரிச்சாப் போதுமா?"

"மொதல்ல மெஸ்ஸுக்கு விடு."

ஸ்ரீபால் கல்லூரி லேபுகளுக்கு ரசாயனப் பொருட்கள் சப்ளை செய்கிறவன். மதியச் சாப்பாடு தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலுள்ள மெஸ்ஸில். முதலாளி அருணகிரி கேள்வியைக் கேட்டுக் கல்லாவை விட்டே எழுந்துவிட்டார்.

"ஸ்ரீபால் சாரா? பூண்டா? நாலு வருஷமா தயிர் சாதம், மேல மாதுளம்பழம். அவருக்குன்னு கரண்டியே தனியா வச்சிருக்கேன். ஒருநாள் சப்ளையர் மாத்திப் போட்டதுக்கு ரெண்டு நாள் வரலைங்க அவரு."

"இந்த ரெண்டு வாரத்துல?"

"அதே தயிர் சாதம்தான். ஆனா ஒண்ணு. வாய்ல ருசியே இல்ல, இரும்பு நக்கின மாதிரி இருக்குதுன்னு பாதியில எழுந்துடுறாரு. உப்பு ஜாஸ்தியா கம்மியான்னு நாங்க ரெண்டு தரம் பாத்துட்டோம்."

ஸ்ரீபால் சாயங்காலம் காபி குடிக்கும் கடையிலும் அதே பதில்தான் கிடைத்தது. போண்டா தொடமாட்டார், சட்னி தொடமாட்டார், காபியோடு சரி.

கோபி ஆட்டோவை உதைத்துக் கிளப்பினான். "அப்ப பூண்டு சாப்பிடாமலே பூண்டு நாத்தமா? மலையே இல்லாம கிரிவலம் போன கதையா இருக்குதே."

வாயில் இரும்பு ருசி. அந்த வார்த்தை மதிவதனிக்குள் எதையோ சுரண்டியது. எங்கே, எந்தப் புத்தகத்தில் படித்தது?

"அவன் குடோனுக்குப் போ. வேங்கிக்கால்."

கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, புது வீடுகள் முளைத்த தெருவின் கோடியில் ஸ்ரீபாலின் வீடு. அதற்கு இரண்டு மனை தள்ளி ஷீட் போட்ட குடோன். பூட்டியிருந்தது. எதிர் வீட்டு வாசலில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்த ஜோதியம்மாள் இவர்கள் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"கம்ப்ளெய்ண்டுக்கு வந்தீங்களா? வராமலே போயிட்டீங்களேன்னு இருந்தேன். தீபாவளிக்கு முன்னாடி நாலு நாளு, கதவைச் சாத்திக்கினு உள்ள என்னாவோ காய்ச்சுனாரு. நாத்தம் தாங்கல."

"பூண்டு நாத்தமா, பெரிம்மா?" என்றான் கோபி ஆவலாக.

"பூண்டுன்னா நான் ஏன்டா கவலைப்படறேன்? அழுகின முள்ளங்கி மாதிரி! மருந்து போட்டுக் கழுவித் தோட்டத்துல ஊத்துனாரு. போய்ப் பாரு, துவைக்கிற கல்லு எப்படிச் செவந்து கெடக்குதுன்னு."

குடோனுக்குப் பின்னால் சிமென்ட் கல். அதன் ஓரமெல்லாம் செங்கல் பொடியைக் குழைத்துப் பூசியதுபோல் சிவப்பு. மதிவதனி குச்சியால் சுரண்டினாள். பொடி உதிர்ந்தது. கையால் தொடவில்லை.

"என்னாக்கா, குங்குமமா?"

"செலினியம்."

"அது யாரு, புது சாமியா?"

மதிவதனி அந்தக் கல்லுக்கு எதிரே அப்படியே குந்தி உட்கார்ந்தாள். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும்போது அவள் குரலில் எப்போதும் ஒரு துள்ளல் வரும். இன்று அது வரவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

"செலினியம் டை ஆக்சைடுனு ஒரு பொருள், கோபி. பார்க்க உப்பு மாதிரி வெள்ளை. சூடு காட்டினா உருகாது. கற்பூரம் மாதிரி நேரா புகையா ஏறிடும். தண்ணியில போட்டா கரைஞ்சு அமிலமாயிடும். அந்தத் தண்ணியைப் பஞ்சுல தொட்டுப் புதுப் பித்தளை மேல தடவு. ஒரே நிமிஷத்துல கறுப்பு. ஒட்டடையும் புகையும் நூறு வருஷம் உட்கார்ந்து செய்யுற வேலையை அது ஒரு நிமிஷத்துல முடிச்சிடும்."

"ஆதிமூலம் பாட்டில்ல இருந்தது அதுதானே?"

"அதேதான். மிச்சத்தைக் கீழே ஊத்தினா, சோப்பு, அழுக்கு, செத்தை இதெல்லாம் பட்டுப் பட்டு மறுபடி செலினியமாவே பிரிஞ்சு படியும். அந்தச் செலினியத்துக்கு நிறம் சிவப்பு. தோல்ல பட்டாலும் அதே சிவப்புதான்."

"கேக்கவே பேஜாரா இருக்குதே. இது எதுக்கும் உதவாதா?"

"ஏன் உதவாது? கண்ணாடி காய்ச்சுற இடத்துல துளி போட்டா பச்சைச் சாயல் போய்க் கண்ணாடி தெளிஞ்சிடும். கொஞ்சம் ஜாஸ்தி போட்டா செக்கச்செவேல்னு ஆயிடும். மாட்டுத் தீவனத்துல கலக்கிற தாது உப்புல இதோட சொந்தக்காரன் ஒருத்தன் கடுகளவு இருக்கான். நீ தலைக்குப் போடுற பொடுகு ஷாம்புல இன்னொரு சொந்தக்காரன் இருக்கலாம்."

"மாமன் மச்சான் எல்லாம் நல்ல உத்தியோகத்துல இருக்கானுங்க. இவன் ஒருத்தன்தான் திருட்டு வேலைக்குப் போயிருக்கான்."

"அளவு மீறினா விஷம். கையுறை போடாம, கதவைச் சாத்திட்டுப் புகையில நின்னா, தோல் வழியாவும் மூச்சு வழியாவும் உடம்புக்குள்ள போயிடும். வாயில இரும்பு ருசி தெரியும். அப்புறம் உடம்பு என்ன செய்யும் தெரியுமா? வெளியே தள்ளப் பார்க்கும். அதை ஒரு வாயுவா மாத்தி மூச்சுலயும் வேர்வையிலயும் வெளியேத்தும். ஒருநாள் ரெண்டுநாள் இல்ல, வாரக்கணக்குல. அந்த வாயுவோட வாசனை..."

அவள் முடிக்கவில்லை. கோபியின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"பூண்டு" என்றான்.

பிறகு கோபி தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அக்கா, அன்னிக்கு ஆட்டோவுல... என் டிபன்ல எலுமிச்சை சாதமும் அப்பளமும்தான். நீங்க திட்டுனப்ப சொன்னா நம்பமாட்டீங்கன்னு விட்டுட்டேன்."

மதிவதனிக்கு அன்றைய காட்சி கண்முன் வந்தது. ஆதிமூலத்தின் பட்டறைக்கு அவர்கள் போன நாள் அது. அலமாரியெல்லாம் தேடிக் களைத்து அவள் நிமிர்ந்தபோது, வாசலில் நின்ற ஸ்ரீபால் சொன்னான்: "மேலேயெல்லாம் பார்த்துட்டே மதி, பெஞ்சுக்குக் கீழே?" கையைக் கீழே விட்டவள் பாட்டிலோடு எடுத்தாள். அது என்ன மருந்து என்று சோதித்துச் சொல்ல அவள் யாரைக் கேட்டாள்? ஸ்ரீபாலைத்தான். "செலினியஸ் அமிலம். இப்பல்லாம் பட்டறைக்காரங்க இதைத்தான் வச்சிருக்காங்க" என்று அவன்தான் சொன்னான். அறிக்கையின் அடியில் சாட்சிக் கையெழுத்தும் அவனுடையதே. பேனாவைப் பிடித்த கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சிவப்பாக ஏதோ இருந்தது. "தீக்ஷா மருதாணி வச்சு விட்டா" என்று சிரித்தான். பத்து விரலிருக்க, பஞ்சு பிடிக்கிற இரண்டு விரலுக்கு மட்டுமா ஒரு மகள் மருதாணி வைப்பாள்? அந்தச் சின்னக் கேள்வியைக்கூட அவள் கேட்கவில்லை. நண்பனின் கையை யார் துப்பறிவார்கள்?

அவள் போனை எடுத்து இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கத்தைக் கூப்பிட்டாள்.

"சார், ஒரு உதவி. ஆதிமூலத்தோட வாயை மோந்து பார்க்கணும்."

"என்னாம்மா சொல்ற? இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல குடிகாரனைத் தவிர எவன் வாயையும் நான் மோந்ததில்ல."

"தயவுசெஞ்சு, சார். அப்படியே விரல் நகத்தையும் பாருங்க. சிவப்புக் கறை இருக்கான்னு."

இரண்டு நிமிஷம் கழித்து அவர் குரல் அருவருப்போடு திரும்பி வந்தது. "பீடி. சுத்தமான பீடி நாத்தம். நகத்துல கரிதான் இருக்குது, செவப்பு கிடையாது. எதுக்கும்மா இதெல்லாம்? ஆறு மணிக்கு மாஜிஸ்திரேட் வீட்டுல ஆஜர்படுத்தணும். ரிமாண்ட் ஆச்சுன்னா வேலூர் ஜெயில். அப்பால நாங்கல்லாம் தீபம் பந்தோபஸ்துக்குப் போயிடுவோம். தீபம் முடியுற வரைக்கும் இந்த ஃபைலை ஒருத்தனும் தொடமாட்டான்."

மணி நாலே முக்கால்.

*

ஸ்ரீபால் வீட்டில் இலை போட்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடியவேண்டும். ஸ்ரீபால் மணையில் உட்கார்ந்திருந்தான். கனகலதா சாதம் பரிமாறிக்கொண்டிருந்தாள். மதிவதனியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியில் கள்ளம் எதுவும் தெரியவில்லை.

"வா மதி! உட்காரு. கோபி, நீயும் உட்காரு. புடலங்காய்க் கூட்டு."

"இருக்கட்டும் சார்" என்ற கோபி நிலைப்படியிலேயே நின்றுகொண்டான். அவன் சாப்பாட்டை மறுத்து மதிவதனி பார்த்ததில்லை.

மதிவதனி ஸ்ரீபாலுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஏலக்காய் வாசனை வந்தது. அதற்கு அடியிலிருந்து மற்றதும் வந்தது.

"ஸ்ரீபால், கனகா எங்கிட்ட வந்தா. நீ வெளியில பூண்டு சாப்பிடுறியாம். எங்கேன்னு கண்டுபிடிக்கச் சொன்னா."

சாதம் பிசைந்த கை நின்றது. கனகலதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு நேரா பதில் சொல்லு. சாப்பிட்டியா, இல்லையா?"

ஸ்ரீபால் மனைவியைப் பார்த்தான். மதிவதனியைப் பார்த்தான். வேதியியல் படித்தவன். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று அவனுக்குத் தெரியும். தலையைத் தொங்கப்போட்டான்.

"ஆமா, கனகா. சாப்பிட்டேன். மெஸ்ஸுல ஒருநாள் பூண்டுக் குழம்பு... வாசனைக்கு ஆசைப்பட்டுட்டேன். அப்புறம் விட முடியல. என்னை மன்னிச்சிடு."

கனகலதாவின் கையிலிருந்த கரண்டி நழுவித் தரையில் விழுந்தது. அவள் சுவரில் சாய்ந்து ஓசையில்லாமல் அழ ஆரம்பித்தாள்.

மதிவதனி இதற்காகத்தான் வந்தாள். ஆனாலும் அவன் இல்லையென்று சொல்லிவிட மாட்டானா, வேறு ஏதாவது நியாயமான காரணம் காட்டிவிட மாட்டானா என்று கடைசி நொடி வரை அவள் மனம் அடித்துக்கொண்டது. அந்த ஆசையும் இப்போது போயிற்று.

"பொய்" என்றாள்.

ஸ்ரீபால் நிமிர்ந்தான்.

"மெஸ்ஸுல விசாரிச்சாச்சு. காபிக் கடையில விசாரிச்சாச்சு. ஒரு பல் பூண்டுகூட நீ தொடல. செய்யாத பாவத்தை ஒருத்தன் பொண்டாட்டி முன்னால ஒத்துக்கிறான்னா, செஞ்ச பாவம் அதைவிடப் பெரிசு. கையைக் காட்டு."

அவன் காட்டவில்லை. எச்சில் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டான்.

"குடோனுக்குப் பின்னால துவைக்கிற கல்லு சிவந்து கிடக்கு. அதைக் கழுவ மறந்துட்டே. புது விளக்குக்குக் கறுப்பு பூசினது நீ. மிச்சத்தைப் பாட்டில்ல ஊத்தி ஆதிமூலம் பெஞ்சுக்கு அடியில வச்சதும் நீ. குனிஞ்சு எடுத்தது நான்." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "கோயில் விளக்கை யாருக்கு வித்தே?"

"விக்கல!" ஸ்ரீபால் கத்தினான். "அந்த மாதிரி ஆளா நான்? விக்கல மதி, சத்தியமா விக்கல!"

எழுந்து உள்ளே ஓடினான். கோபி வாசலை மறித்து நின்றான். ஆனால் ஸ்ரீபால் தப்பிக்க ஓடவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து ரசாயனப் பாட்டில் வரும் அட்டைப் பெட்டி ஒன்றை இழுத்து வந்தான். வைக்கோலை விலக்கினான். அதில் சிங்கம் படுத்திருந்தது. வயிற்றில் இரண்டு விரற்கடை நீளத்துக்கு வெடிப்பு. ஒரு கால் தனியாக இருந்தது.

"ஆயுத பூஜைக்கு முன்னாடியே ஆதிமூலம் குடுத்துட்டான். வண்டியில முன்னால வச்சுக் கொண்டுபோனேன். ஏரிக்கரை வேகத்தடையில தூக்கிப் போட்டுச்சு. கீழே விழுந்து..." அவன் மூச்சு வாங்கினான். "எங்க அப்பா, தாத்தா எல்லாரும் தர்மகர்த்தா. ஒருத்தர் கையிலயும் விளக்குக்குச் சின்னக் கீறல்கூட விழல. ஊருக்கு முன்னால நான் எப்படி நிப்பேன்? போட்டோவைக் காட்டிப் புதுசு ஒண்ணு வார்த்து வாங்கினேன். கறுப்பாக்கினா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். எண்ணெய் கொட்டும்னு யாருக்குத் தெரியும்?"

"கொட்டினப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வாய் வரல. உடனே மாத்தினது யாருன்னு ஊர் கேட்டுச்சு. ஆதிமூலம் பேரு தன்னால வந்துச்சு."

"எங்கிட்ட எதுக்கு வந்தே?"

அவன் தனியாகக் கிடந்த காலை எடுத்துச் சிங்கத்தோடு பொருத்திப் பார்த்தான்.

"நானே சொல்றேன். நீ சொன்னா அது ஒருத்தர் சொல்லு. மதிவதனி எழுதினா போலீஸ் நம்பும். உன் பேச்சை மட்டும் நான் சோதிச்சுப் பார்க்கமாட்டேன்னு உனக்குத் தெரியும். புளி வச்சுத் தேய்ச்சு விளக்கைச் சோதிச்சேன். உன்னைச் சோதிக்கலை."

"மதி, இருபத்து மூணு வருஷப் பழக்கம்..."

"அதைத்தான் நீ பெஞ்சுக்கு அடியில வச்சே."

வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இலையில் சாதம் ஆறிக் கிடந்தது. சுவரோரம் நின்ற கனகலதா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பெட்டியிலிருந்த சிங்கத்தைப் பார்த்தாள், பிறகு கணவனைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க பூண்டு சாப்பிடலை?"

"இல்ல, கனகா" என்றான் அவன். அதில் ஏதோ ஒரு நிம்மதியைத் தேடுகிறவனைப் போல. "நம்ம வீட்டு வழக்கத்தை நான் மீறல."

"சாப்பிட்டிருந்தா மன்னிச்சிருப்பேனே" என்றாள் கனகலதா.

குனிந்து அந்த இலையை எடுத்து மடித்தாள்.

*

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் கோபியின் ஆட்டோ டவுன் ஸ்டேஷனில் நின்றது. வழியில் அவன் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. தேரடி வீதியில் நிறுத்திக் கஸ்தூரியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டதோடு சரி.

ஸ்ரீபால் தன் வாக்குமூலத்தைத் தானே எழுதினான். பக்கத்து மேஜையில் மதிவதனி இன்னொரு தாள் வாங்கி எழுதினாள்: 'என் அறிக்கை தவறு. சாட்சியின் சொல்லைச் சோதிக்காமல் எழுதினேன். பொறுப்பு என்னுடையது.' இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கம் அதைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இதைக் குடுத்தா இனிமே உன் ரிப்போர்ட்டை எவனும் ஈஸியா எடுத்துக்க மாட்டாம்மா. யோசிச்சுக்கோ."

"எடுத்துக்கக் கூடாது, சார். சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் எடுத்துக்கணும்."

ஆதிமூலம் வெளியே வந்தான். ஒரே இரவில் கன்னம் ஒட்டியிருந்தது. கஸ்தூரி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், வேறொன்றும் செய்யவில்லை. மதிவதனி எழுந்து நின்றாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் கோத்து வைத்திருந்தாள். ஆதிமூலம் அவளைப் பார்க்கவேயில்லை. அவன் கண் மேஜைமேல் இருந்த அட்டைப் பெட்டிக்குப் போயிற்று.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சிங்கத்தை எடுத்தான். வெடிப்பின்மேல் கட்டைவிரலை ஓட்டினான். உள்ளே எட்டிப் பார்த்தான், காதருகே வைத்துத் தட்டினான். நேற்றிலிருந்து தான் எங்கே இருந்தோம் என்பதே அவனுக்கு மறந்துவிட்டதுபோல் இருந்தது.

"விழுந்ததா?" என்றான்.

மூலையில் உட்கார்ந்திருந்த ஸ்ரீபால் தலையாட்டினான்.

"ஏன் சார், அன்னிக்கே எங்கிட்டக் கொண்டாந்திருக்கலாமே. இது ஒரு மணி நேர வேலை. காத்துப் போவாம வெடிப்பைப் பத்த வச்சு, கறுப்பும் மாறாம குடுத்திருப்பேன். விழுந்ததே யாருக்கும் தெரிஞ்சிருக்காது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "நானும் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன் சார்."

ஸ்ரீபால் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். சிவந்த இரண்டு விரல்களும் எல்லோருக்கும் தெரிந்தன.